தூத்துக்குடியின் பாட்டுக்காரன்: சந்திரபாபுவும் அவரைச் செதுக்கிய போர்க்காலமும்

ஜே. பி. சந்திரபாபுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். உச்சத்தில் இருந்தார், யாருக்கும் பணியவில்லை, மணவாழ்க்கை முறிந்தது, சொந்தப் படம் பாதியில் நின்றது, குடியும் கடனும் சேர்ந்துகொண்டன, 46 வயதில் போய்ச் சேர்ந்தார். இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் இது அவர் புகழ்பெற்ற பிறகு நடந்ததன் கதை. அந்தக் குரலும் அந்த உடம்பும் அந்த இங்கிலீஷ் மிடுக்கும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. விடை தூத்துக்குடிக் கடற்கரையிலும் கொழும்புத் துறைமுகத்திலும், இரண்டாம் உலகப் போரின் நடுவே பாதி காலியாகிக் கிடந்த சென்னையிலும் இருக்கிறது. சந்திரபாபுவைப் போர்க்காலம் உருவாக்கிய கலைஞர் என்று பார்க்காதவரை அவரை முழுதாகப் பார்த்ததாகாது என்பது என் முடிவு.

அவர் பிறந்தது 1927 ஆகஸ்டில், தூத்துக்குடியில், பனிமயமாதா திருவிழாவை ஒட்டிய நாளில். ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவடையும் அந்தத் திருவிழா இன்றும் அந்த ஊரின் பெருநாள். சாதி, மதம் பார்க்காமல் ஊரே கூடும். பிள்ளைக்கு வைத்த ஞானஸ்நானப் பெயரிலும் மாதா வந்துவிட்டாள்: ஜோசப் பனிமயதாசன். வீட்டில் பாபு என்று அழைத்தார்கள். பின்னாளில் சினிமாவுக்காக அதன் முன்னால் ‘சந்திர’ என்பதை அவரே சேர்த்துக்கொண்டார். பரதவர்கள் தங்களைச் சந்திரகுலத்தவர் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். தமிழ்நாடு முழுக்க நகைச்சுவை நடிகனின் பெயராக மட்டும் தெரிந்த ஒன்றுக்குள் ஒரு கடற்கரைச் சமூகத்தின் குலப்பெயர் இருந்தது.

அந்தச் சமூகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் போர்ச்சுக்கீசியர் துணையை நாடிக் கத்தோலிக்கம் தழுவியவர்கள். பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மோத்தா, கொரைரா, ரோச், மச்சாடோ என்று நீளும் குடும்பப் பெயர்கள் அன்று வந்தவை. போர்ச்சுக்கீசியர் போய், 1658-இல் டச்சுக்காரர் வந்து, பிறகு ஆங்கிலேயர் வந்தும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. ஆட்சி யாருடையதாக இருந்தாலும் கடலுக்குள் மூச்சடக்கிப் போய்ச் சிப்பி அள்ளி வந்தவர்கள் இந்தக் கரையின் ஆட்கள்தான். முத்துப்பார் விளைந்த ஆண்டுகளில் ஊர் திருவிழாக் கோலம் கொள்ளும். விளையாத ஆண்டுகளில் சங்கு குளிப்பதும் தோணித் தொழிலும் சோறு போட்டன. தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, சரக்கு முழுதும் தோணிகளில்தான் போய் வரும். பாய் விரித்த தோணிகள் கொழும்புக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போவது மாதிரி. கருவாடும் வெங்காயமும் ஓடும் ஏற்றிப் போனவர்கள் அங்கே கடை போட்டார்கள், வீடு கட்டினார்கள், பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். கொழும்பின் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் பரதவக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. 2001-ஆம் ஆண்டு இலங்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘பரதர்’ என்று அவர்களைத் தனி இனமாகவே பதிவு செய்தது.

சந்திரபாபுவின் தந்தை ஜே. பி. ரொட்ரிகஸ் வசதியான குடும்பத்துக்காரர், அதே சமயம் காங்கிரஸ்காரர். ‘சுதந்திர வீரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அதற்கான விலையைச் சிறையில் செலுத்திய ஊர் அது. 1908-இன் அடக்குமுறையை நேரில் கண்ட தலைமுறை அப்போதும் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் இப்படியொரு பெயரில் பத்திரிகை நடத்தினால் என்ன நடக்கும் என்று ரொட்ரிகஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1929-இல் அவர் கைதானார். சொத்து பறிமுதலானது. விடுதலைக்குப் பிறகு குடும்பமே இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பாபு அப்போது சிறு குழந்தை.

தூத்துக்குடிப் பரதவனுக்குக் கொழும்பு அந்நிய ஊர் ஆகாது. சொந்தமும் கோயிலும் மொழியும் அங்கே உண்டு. ஆனாலும் விரும்பிப் போவது வேறு, போகச் சொல்லி அனுப்பப்படுவது வேறு. பத்திரிகை நடத்தியவர் பத்திரிகை இல்லாமல் வாழ வேண்டியிருந்தது. இக்கரையிலும் ஆங்கிலேயன், அக்கரையிலும் ஆங்கிலேயன். இந்த வீட்டில்தான், அரசு பறித்ததைப் பற்றிப் பேசிப் பேசிப் பழகிய பெற்றோரிடம்தான், பாபு வளர்ந்தார். பின்னாளில் முதலாளி, இயக்குநர், பெரிய நட்சத்திரம் என்று எவர் முன்னும் அவருக்குக் குனியத் தெரியவில்லை என்று குறை சொன்னார்கள். குனியாத வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தார். கத்தோலிக்கர் நடத்திய, இங்கிலீஷ் புழங்கிய பள்ளி அது. 1930களின் கொழும்பு வேறெந்தத் தமிழ் ஊரிலும் கேட்க முடியாத சத்தங்களின் ஊர். கோயிலில் லத்தீன் பாட்டு, பறங்கியர் வீட்டு விருந்துகளில் பிடிலும் கிதாரும், தெருவில் பைலா. பைலா போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன இசையின் வழியாக, அவர்களோடு வந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தாளத்தையும் சேர்த்துக்கொண்டு, இலங்கைக் கரையோரத்தில் வளர்ந்தது. தூத்துக்குடிப் பரதவனுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்த அதே போர்ச்சுக்கீசியத் தொடர்புதான் கொழும்புக்கு பைலாவைக் கொடுத்தது. சந்திரபாபுவை ‘மேல்நாட்டு பாணியைக் காப்பியடித்தவர்’ என்று எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ‘மரகதம்’ (1959) படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் ஜமுனா ராணியோடு அவர் பாடிய ‘குங்குமப்பூவே’ பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அதில் உள்ள துள்ளல் பைலாவின் துள்ளல். அவருக்கு அது பிள்ளைப் பருவத்துத் தெருவோசை.

யோடலிங்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிடப் பயன்படுத்திய அந்தக் குரல்முறை அமெரிக்கக் கவ்பாய் பாட்டுக்குள் போய், கிராமபோன் தட்டிலும் ஹாலிவுட் படத்திலும் உலகம் சுற்றியது. நெஞ்சுக் குரலில் பிடித்த சுரத்திலிருந்து சட்டென்று மேல் குரலுக்குத் தாவி, அதே வேகத்தில் கீழே இறங்க வேண்டும். நம் சங்கீதத்தில் குரல் உடைவது குற்றம். அதை மறைக்கத்தான் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்கிறோம். யோடலில் அந்த உடைவுதான் அழகு. தமிழ்த் திரையில் இதை இவ்வளவு இயல்பாக, இடையில் ஒரு சிரிப்பையும் சேர்த்து, தமிழ் வார்த்தைகளின் நெடில்களில் பொருத்திப் பாடியவர் அவருக்கு முன்னால் இல்லை.

இந்தப் பிள்ளைப் பருவத்தின் மேல்தான் போர் வந்து விழுந்தது.

1939-இலேயே இலங்கையில் இந்தியர்களுக்குக் காற்று மாறியிருந்தது. அரசுத் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்க அங்குள்ள அரசு முடிவெடுத்தது. நேரு நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. இந்திய அரசு பதிலுக்கு அந்த ஆகஸ்டிலிருந்து இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. அடுத்த மாதம் ஐரோப்பாவில் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் இந்துமாக் கடலில் பிரிட்டனுக்கு மிஞ்சிய பெரிய தளங்கள் கொழும்பும் திருகோணமலையும்தான்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கத்தோலிக்கர்கள் காலைப் பூசைக்குக் கூடும் நாள். நகுமோ தலைமையில் வந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. துறைமுகத்தில் ‘டெனடோஸ்’, ‘ஹெக்டர்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. இரத்மலானை விமானத்தளம் தாக்கப்பட்டது. அங்கொடை மனநல மருத்துவமனையின் மேலும் குண்டு விழுந்தது. அதே நாளில் தெற்கே நடுக்கடலில் ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷயர்’ என்ற இரண்டு போர்க்கப்பல்கள் போயின. நான்கு நாளில் திருகோணமலைக்கும் அதே கதி. பாபுவுக்கு அப்போது பதினான்கு வயது.

கொழும்பு காலியானது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்தியத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக ஊரைப் பார்க்கக் கிளம்பியதில் சரக்கிறக்க ஆள் இல்லாமல் துறைமுக வேலையே தடுமாறியது. நகரின் பள்ளிக் கட்டடங்கள் சிலவற்றைப் படை எடுத்துக்கொண்டது. வகுப்புகள் ஊர்ப்புறங்களுக்குச் சிதறின. படிப்பு அறுபடுவது என்றால் என்னவென்று போர்க்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நம் காலத்துப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

1943-இல் ரொட்ரிகஸ் குடும்பம் இந்தியா திரும்பியது. திரும்பியது தூத்துக்குடிக்கு அல்ல, சென்னைக்கு. அந்த நேரத்தில் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கரை எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. ஆகஸ்ட் புரட்சிக்குப் பிந்தைய போலீஸ் கெடுபிடியில் அந்த வட்டாரமே நடுங்கிக்கிடந்தது. சொத்து போன ஊரில், பத்திரிகைக்காரனாகக் கைதானவர் மறுபடி போய் நிற்க என்ன இருந்தது? ரொட்ரிகஸ் தினமணியில் வேலைக்குச் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் குடியிருந்தார்கள்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பீதியில் சென்னை அரசு தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. அவசர வேலை இல்லாதவர்கள் நகரைவிட்டுப் போகலாம் என்று அறிவித்தது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு மக்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் மெல்லத் திரும்பிவந்துகொண்டிருந்த நகரத்துக்குள்தான் இந்தக் குடும்பம் வந்து சேர்ந்தது. ரேஷன், விளக்கு மறைப்பு, காகிதத் தட்டுப்பாடு. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டும் போனது. பதினாறு வயதுப் பையன் அங்கே நடிகனாக வேண்டும் என்று கனவு கண்டான். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை.

கனவு காண்பதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. கேளிக்கைக் கலைஞனைப் போர் என்ன செய்யும் என்பதற்கு உலகில் இரண்டு விதமான அனுபவங்கள் உண்டு. பிரிட்டனில் ஜார்ஜ் ஃபார்ம்பி என்ற நகைச்சுவைப் பாடகர் கையில் யுகுலேலியோடு படை முகாம் முகாமாகப் போனார். வேரா லின் 1944-இல் பர்மா முனைக்கே வந்து சிப்பாய்களுக்குப் பாடினார். அது அவர்களுடைய போர், அவர்களுடைய அரசு. பாடியவர்களுக்கு மனத்தடை இருக்க நியாயமில்லை. நம் கலைஞனுக்கு அந்த வசதி இல்லை. பாடச் சொன்னது அந்நிய அரசு. பாடினால் தேசத்துக்கு என்ன ஆவோம் என்ற கேள்வி, பாடாவிட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வி.

அந்த அரசுக்குப் பாடாமல் நின்றவர்களில் பெரியவர் நாடக நடிகர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ். வேலன் வேடத்தில் மேடையேறி வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிப் பாடிச் சிறை போனவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகனாக மேடையில் இருந்தபோதே உயிர்விட்டார். போர் தொடங்கி ஓராண்டு தாண்டியிருந்தது.

சினிமாக்காரர்களுக்கு நெருக்கடி வேறு வழியில் வந்தது. பிலிம் சுருள் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல்களோ போருக்குப் போய்விட்டன. 1942-இல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு விதித்தது. அதுவரை அதைப்போல ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படங்கள் சட்டென்று சுருங்கின. அடுத்த ஆண்டு பிலிமுக்கு உரிமம் வேண்டும் என்றானது. படங்களின் எண்ணிக்கை விழுந்தது. போர் முயற்சிக்கு உதவும் படம் எடுக்க வேண்டும் என்ற நெருக்குதலும் சேர்ந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’, கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’ மூன்றும் 1945-இல் வந்தன. மூன்றிலும் போர் உண்டு. தேசபக்தர் என்று பெயரெடுத்த சுப்பிரமணியமே அப்படி எடுக்க வேண்டி வந்தது என்பதிலிருந்து நெருக்குதலின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

எடுத்த சில படங்களே ஆண்டுக்கணக்கில் ஓடின என்பது இதன் மறுபக்கம். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல் பெருங்காரணம். புதுப்படங்கள் குறைந்துபோயிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1944 டிசம்பர் கடைசியில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947 ஏப்ரலில்தான் விடுதலை. தமிழ்ச் சினிமாவின் முதல் பெரும் பாடகரும் முதல் பெரும் நகைச்சுவைக் கலைஞரும் ஒரே நாளில் களத்திலிருந்து அகன்றார்கள். பாட்டும் சிரிப்பும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு விடையாகத் திருவல்லிக்கேணியில் ஒரு பையன் அலைந்துகொண்டிருந்தான். அவனை யாருக்கும் தெரியாது.

1947-இல் ‘மணிக்கொடி’ எழுத்தாளர் பி. எஸ். ராமையா இயக்கிய ‘தன அமராவதி’யில் சின்ன வேடம் கிடைத்தது. பிறகு ஐந்து ஆண்டுகள் ஸ்டுடியோ வாசல்களில் கழிந்தன. 1952-இல் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனைச் சந்திக்கக்கூட முடியாத விரக்தியில் அந்த ஸ்டுடியோவுக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றினார்கள். வழக்கும் நடந்தது. நீதிபதியின் முன் தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையிலேயே வைத்து, நான் சுட்டுக்கொண்டதைத்தான் நீங்கள் பார்க்க முடியும், என் வலியை உணர முடியாது என்ற பொருளில் அவர் பேசினார் என்பது திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த ஆண்டிலேயே ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வேடம் கிடைத்தது. அதன் பிறகு ஏறுமுகம்தான்.

‘பெண்’ (1954) படத்தில் வீணை பாலசந்தருக்குக் குரல் கொடுத்தார். ‘குலேபகாவலி’, ‘மணமகன் தேவை’, ‘நாடோடி மன்னன்’, ‘சகோதரி’ என்று வரிசை நீண்டது. இந்தப் பட்டியலில் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது பி. ஆர். பந்துலுவின் ‘சபாஷ் மீனா’ (1958). சிவாஜி கணேசன் கதாநாயகன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒன்று கதாநாயகனின் நண்பன். மற்றது ரிக்‌ஷாக்காரன். முதல் ஆள் நிற்கும்போது முதுகெலும்பு நேராக இருக்கும், கைகள் எங்கே இருக்க வேண்டுமென்று தெரிந்து இருக்கும். ரிக்‌ஷாக்காரன் வரும்போது அதே உடம்பில் தோள் முன்னால் விழுந்திருக்கும். வண்டி இழுத்து இழுத்துப் பழகிய முழங்கால் நின்ற இடத்திலும் லேசாக மடங்கியிருக்கும். பேச்சு சுத்தமான மெட்ராஸ் பாஷை. திரையில் அந்தப் பாஷைக்கு உரிய இடத்தை வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முன்னோடி. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்தவர் அதைக் கற்றது திருவல்லிக்கேணித் தெருவில், போர் அவரைக் கொண்டுவந்து போட்ட இடத்தில். ஊர் மாறி ஊர் வாழ்ந்தவனுக்குக் காது கூர்மையாக இருக்கும். ஒரு பேச்சுக்குள் பிறந்தவனுக்கு அது பேச்சு. வெளியிலிருந்து வந்தவனுக்கு அது இசை.

இந்த உச்ச ஆண்டுகளில் அவருடைய ஊருக்கும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1955-இல் மன்னார் வளைகுடாவில் மீண்டும் முத்துக்குளிப்பு தொடங்கியது. 1961-இல் கடைசிக் குளிப்பு. அதன் பிறகு அந்தப் பார்களில் குளிப்பு நடக்கவேயில்லை. கரையில் வானொலி வைத்திருந்தவர்கள் சந்திரபாபுவின் பாட்டைக் கேட்டது பெரும்பாலும் இலங்கை வானொலியில். 1952-இல் பி. வி. கேஸ்கர் அமைச்சரானதும் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைக்க, நேயர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். கொழும்பின் ஒலி அவ்வளவு தூரம் பாய்ந்ததற்குக் காரணம் போர். தென்கிழக்காசியப் படைத் தலைமை, சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் ஒலிபரப்பக் கொழும்பில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை அஞ்சல் கருவிகள் போருக்குப் பின் இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்தன. போருக்காகக் கட்டிய கருவி வழியாகத்தான் அந்தக் குரல் தூத்துக்குடி வீடுகளுக்குப் போனது.

1962 சீனப் போரின்போது தமிழ்த் திரையுலகம் நிதி திரட்டியது. கண்ணதாசன் தயாரித்த ‘இரத்தத் திலகம்’ மறு ஆண்டே வந்தது. 1965 பாகிஸ்தான் போரில் ஈடுபாடு இன்னும் நெருங்கியது. சாவித்திரி தன் நகைகளைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கழற்றிக் கொடுத்ததை அந்தத் தலைமுறை இன்னும் பேசுகிறது. நடிகர்களும் பாடகர்களும் குழுவாக வடக்கே எல்லைப் பகுதிக்குப் போய்ப் படைவீரர்கள் முன் நிகழ்ச்சி நடத்தினார்கள். சந்திரபாபு அந்தக் குழுவில் இருந்தார். நம் மொழி தெரியாத ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நடுவே தமிழ்ப் பாட்டு எடுபடுமா என்ற கவலை மற்றவர்களுக்கு இருந்திருக்கலாம். இவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. யோடலுக்கு மொழி வேண்டாம். பொத்தென்று விழுந்து அடிபடாமல் எழும் உடம்புக்கும் மொழி வேண்டாம்.

திரும்பும் வழியில் டெல்லியில் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ராஷ்டிரபதி பவனில் குழுவினரை வரவேற்றார். அங்கே எம். எஸ். விஸ்வநாதன் உடனிருக்க, சந்திரபாபு ‘கவலை இல்லாத மனிதன்’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய, பிறப்பையும் இறப்பையும் பற்றிய அந்த உருக்கமான பாட்டைப் பாடினார். திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன் பாட்டின் பொருளை உணர்ந்து தலையசைத்து ரசித்தார். அதைப் பார்த்த சந்திரபாபு உற்சாகம் தாங்காமல் எழுந்து போய்க் குடியரசுத் தலைவரின் மடியிலேயே உட்கார்ந்து, நீங்கள் பெரிய ரசிகர் என்று கொஞ்சினார் என்பது உடனிருந்தவர்கள் வழி வந்த செய்தி. இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். அவருடைய துடுக்குத்தனத்துக்கு உதாரணமாகவும் சொல்வார்கள்.

எனக்கு இதில் துடுக்கைவிடப் பெரிதாக ஒன்று தெரிகிறது. ராஷ்டிரபதி பவன் 1947 வரை வைஸ்ராய் மாளிகை. எந்த அரசு ரொட்ரிகஸின் சொத்தைப் பறித்துக் குடும்பத்தைக் கடல் கடத்தியதோ அந்த அரசின் தலைமை மாளிகை. முந்தைய போரில், பாடு என்று கேட்ட அரசு அந்நியருடையது. இந்தப் போரில் பாடப் போனபோது யாரும் நெருக்கவில்லை, தானாகப் போனார். ‘சுதந்திர வீரன்’ நடத்தியவரின் மகன், சுதந்திர நாட்டுச் சிப்பாய்களுக்குப் பாடிவிட்டு அந்த மாளிகைக்குள் வந்திருந்தார். அங்கே அவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. பயப்படவும் இல்லை.

மீதிக் கதை தெரிந்ததுதான். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ நின்றுபோனது. தானே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ 1966-இல் வந்து கைகொடுக்காமல் போனது. 1974 மார்ச் 8 அன்று சென்னையில் இறந்தார். குயிபில் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கடைசி ஆண்டுகளின் துயரத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி நாம் அவருக்கு நியாயம் செய்யவில்லை. அவர் குடித்ததைப் பற்றி எழுதியவை அலமாரி நிறைய இருக்கின்றன. அவர் எப்படிக் கற்றார் என்பதைப் பற்றி எழுதியவை ஒரு கைப்பிடி தேறாது.

அதனால் தூத்துக்குடியிலும் கொழும்பிலும் உள்ள பரதவக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாக்களின் மரப்பெட்டிகளில் ‘சுதந்திர வீரன்’ இதழ்கள் இருந்தால், அந்தக் காலத்துக் கடிதங்கள், பள்ளிப் பதிவுகள், தோணிக் கணக்குகள், கிராமபோன் தட்டுகள் இருந்தால், பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கொடுங்கள், அல்லது படியெடுக்கவாவது விடுங்கள். அங்கிருந்துதான் அடுத்த ஆய்வு தொடங்க முடியும்.